வீட்டை இடிப்பதா, பிரிப்பதா? குமரி மாவட்டத்தில் பழைய கட்டடம் இறக்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விளவங்கோட்டு ஓட்டு வீடு, கோட்டாற்றுத் தெருவில் பொதுச்சுவர் வைத்த வீடு, குளச்சல் கடலோரத்துக் கான்கிரீட் வீடு ஆகிய மூன்றையும் ஒரே முறையில் இறக்க முடியாது. கீழே உள்ள பதில்கள் தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீடுகளுக்கும் கடைகளுக்கும் உரியவை. அதைவிட உயரம் என்றால், கட்டமைப்புப் பொறியாளர் எழுதிக் கொடுத்த இடிப்புத் திட்டம் கையில் இல்லாமல் சம்மட்டியைத் தூக்க வேண்டாம்.

ஊரில் ‘பொளிக்கணும்’ என்கிறோம். ஒருவர் ‘இடிப்பு’ என்கிறார், இன்னொருவர் ‘பிரிப்பு’ என்கிறார். எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றுதான், பணத்தில் இல்லை. பிரிப்பு என்றால் ஓடு, கழுக்கோல் (கூரையின் சாய்வு மரம்), பட்டியல் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்), நிலை (கதவுச் சட்டம்), கதவு, கல் எல்லாம் மறுபடி பயன்படும்படி உடையாமல் கீழே வர வேண்டும். இடிப்பு என்றால் இடம் காலியானால் போதும். முதலாவது ஆள்கூலிக் கணக்கில் நாட்களைத் தின்னும். இரண்டாவது இயந்திர மணிக்கணக்கில் முடிந்துவிடும். ‘பொளிப்பு’ இரண்டையும் குறிப்பதால், வாய்ப்பேச்சாக வேலையைக் கொடுத்த இடங்களில்தான் அதிகம் தகராறு வருகிறது: உடைமையாளர் ஆயினி மரக் கதவு முழுதாக வரும் என்று எதிர்பார்ப்பார், ஒப்பந்ததாரர் ஜேசிபியோடு வந்து நிற்பார். ஒப்பந்தத்தில் எது எது பிரிப்பு, எது எது இடிப்பு என்று அறைவாரியாக எழுதிவிடுங்கள். பெரும்பாலான பழைய வீடுகளில் கூரையும் மரவேலையும் பிரிப்பு, சுவரும் தரையும் இடிப்பு.

எந்த மாதம் நல்லது?

தை, மாசி. பங்குனி பாதி வரை போகலாம். இங்கே தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும், நடுவில் கோடைமழை வேறு. ஆவணியில் கல் போட வேண்டும் என்பதற்காக ஆடியில் இடிப்பது பலருடைய வழக்கம். கூரை போன மண்சுவர் ஒரு மழையில் நனைந்தால் எடை கூடும், பிடிமானம் குறையும், இரவில் தானாகவே சரியும். ஆடியில்தான் முடியும் என்றால், கூரை இறக்கிய அன்றே சுவரின் மேல்முகத்தைத் தார்ப்பாயால் மூடுங்கள். மூடினாலும் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் யாரையும் படுக்கவிடாதீர்கள்.

சொந்த வீட்டை இடிக்க அனுமதி வேண்டுமா?

நாகர்கோவில் மாநகராட்சியோ, குளச்சல், குழித்துறை, பத்மநாபபுரம், கொல்லங்கோடு நகராட்சிகளோ, பேரூராட்சியோ, ஊராட்சியோ, உங்கள் இடம் எதற்குள் வருகிறதோ அந்த அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்க வேண்டும். புது வீட்டுக்கு அனுமதி கேட்கும்போதே பழையதையும் வரைபடத்தில் காட்டுவது வசதி. இடிக்கப்போகும் பகுதியை வரைபடத்தில் மஞ்சளில் காட்டுவதே முறை. கூடவே சொத்துவரி ரசீது, பத்திரம், பட்டா நகல்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்றப் பங்காளிகளின் ஒப்புதலை எழுத்தில் வாங்காமல் தொடவே கூடாது. பாதி இடித்த வீட்டுக்குத் தடையாணை வந்தால் அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நிலை: கூரையும் இல்லை, முட்டும் இல்லை, வழக்கு முடியும் வரை சுவர் காற்றில் நிற்கும்.

இடித்துவிட்டால் அதே இடத்தில் மறுபடி கட்ட முடியும்தானே?

எல்லா இடத்திலும் முடியாது. இடித்த பிறகு இது தெரியவந்தால் பயனில்லை.

கடலோரம்: கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தின் கட்டுமானம் கூடாத பகுதிக்குள், ஏற்கெனவே அனுமதியோடு உள்ள வீட்டைப் பழுதுபார்க்கலாம், திரும்பக் கட்டலாம். ஆனால் பழைய அடித்தளப் பரப்பையும் தளப்பரப்பு விகிதத்தையும் தாண்டக் கூடாது. பழைய வீடு இன்ன அளவில் இருந்தது என்பதற்கு இடித்த மறுநாள் சாட்சி எது? அதனால் முட்டம், கடியப்பட்டணம், தூத்தூர் பக்கத்தார் இடிக்கும் முன் உரிமம் பெற்ற பொறியாளரைக் கொண்டு அளவுப்படம் வரைந்து, நான்கு பக்கமும் தேதியோடு படமெடுத்து, பழைய வரி ரசீதுகளோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

தொல்லியல் துறைச் சின்னங்களின் அருகே: மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் பழுதுபார்க்க மட்டுமே அனுமதி கேட்கலாம். அடுத்த 200 மீட்டரில் அனுமதியோடு கட்டலாம். 100 மீட்டருக்குள் உள்ள வீட்டை முழுவதும் இடிப்பவர், திரும்பக் கட்டும் உரிமையையும் சேர்த்து இடிக்கிறார். சிதறால் மலையடியில் இருப்பவர்கள் முதலில் தூரத்தை அளந்து பாருங்கள்.

மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் கிராமங்களுக்கும் தனி அனுமதி உண்டு. உங்கள் வருவாய் கிராமம் பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சம்மட்டி விழும் முன் என்னென்ன முடிந்திருக்க வேண்டும்?

மின்சாரம். மெயின் சுவிட்சை அணைத்து வைத்தால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் அப்போதும் உயிரோடுதான் இருக்கும். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, கம்பத்திலேயே இணைப்பைத் துண்டித்து மீட்டரை எடுக்கச் செய்ய வேண்டும். கட்டுமான வேலைக்குத் தற்காலிக இணைப்பைத் தனியாக, வீட்டுக்கு வெளியே ஒரு கம்பத்தில் வாங்குங்கள். மாடியில் சூரியத் தகடு இருந்தால் வாரியத்தின் இணைப்பு போனாலும் பகலில் அதன் கம்பியில் மின்சாரம் இருக்கும். அதைப் பொருத்தியவர்களே வந்து கழற்றட்டும்.

மேல்நிலைத் தொட்டியைக் காலி செய்யுங்கள். 1,000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். கேஸ் சிலிண்டரை வெளியேற்றுங்கள். கண்ணாடி எல்லாவற்றையும், அலமாரிக் கண்ணாடி உட்பட, முதலிலேயே கழற்றுங்கள். கட்டட இடிப்புப் பாதுகாப்புக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4130 (1991) இதைத் தெளிவாகவே சொல்கிறது.

கிணறு. நம் வீடுகளில் அடுக்களையை ஒட்டியே கிணறு இருக்கும். கைப்பிடிச்சுவரை நம்பாமல், தென்னந்தடி குறுக்கே போட்டுப் பலகையும் வலையும் விரித்து மூடுங்கள். சிமெண்டுத் தூள் கலந்த தண்ணீரைத் தெளியவைக்க ஆகும் செலவு, மூடுவதற்கு ஆகும் செலவைவிடப் பல மடங்கு.

கழிவுத் தொட்டி. வண்டி வைத்து உறிஞ்சி, மூடியைத் திறந்துவைத்து, மணல் போட்டு நிரப்பிய பிறகுதான் அதன்மேல் இயந்திரம் ஏறலாம். நிரப்பாத தொட்டியின் மேல் ஜேசிபி ஏறினால் மூடி உடைந்து சக்கரம் உள்ளே போகும். தொட்டிக்குள் ஆளை இறக்கவே கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் உள்ளே நிற்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளை வீழ்த்தும்.

பக்கத்து வீடு. அவர்கள் சுவரில் ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு வெடிப்பையும் அவர்களையும் கூட வைத்துக்கொண்டே படமெடுங்கள். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். வேலை முடிந்தபின் ‘இது உன்னால் வந்தது’ என்ற பேச்சு வந்தால் கோடு பதில் சொல்லும்.

வேலி. விழப்போகும் சுவரின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் ஆள் வரக்கூடாத இடம். பத்தடிச் சுவருக்குப் பதினைந்தடி. தெரு அவ்வளவு அகலம் இல்லையென்றால் தெருப்பக்கச் சுவரை ஆள் வைத்து மேலிருந்து கல் கல்லாக, உள்பக்கமாக மட்டும் எடுக்க வேண்டும்.

ஓட்டு வீட்டை எந்த வரிசையில் இறக்குவது?

கட்டியதற்கு நேர் தலைகீழாக. மோட்டு ஓட்டில் ஆரம்பியுங்கள். அது சாந்து வைத்துப் பூசியது என்பதால் பல உடையும், அதற்கு வருந்த வேண்டாம். பிறகு முகட்டிலிருந்து இறவாணம் (கூரையின் தாழ்ந்த விளிம்பு) நோக்கி, இரு பக்கமும் சமமாக வரிசை வரிசையாக எடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்கக் காலி செய்துவிட்டு மறுபக்கம் போனால், ஒருபக்க எடையில் கழுக்கோல்கள் சுவரின் தலையை வெளியே தள்ளும். பழைய மண்சாந்துச் சுவர் அந்தத் தள்ளலைத் தாங்காது.

100 சதுர அடிக் கூரைக்குச் சுமார் 140 மங்களூர் ஓடுகள். ஓடு இரண்டரை முதல் மூன்று கிலோ. எறிந்து பிடிப்பதைவிடச் சாரத்தில் ஆள் நின்று கைமாற்றுவதே நல்லது. கீழே படுக்கை வசமாக அடுக்கினால் அடி ஓடுகள் நொறுங்கும், குத்துவசமாகச் சாய்த்து அடுக்குங்கள். தட்டினால் கணீரென்று ஒலிப்பது நல்ல ஓடு, மந்தமாக ஒலிப்பதில் விரிசல் இருக்கும். பாசியைக் கம்பித் தூரிகை கொண்டு சுரண்டாதீர்கள், மேல்முகம் கெட்டுத் தண்ணீர் குடிக்கும். ஊறவைத்துத் தேங்காய்நார் போட்டுத் தேய்த்தால் போதும்.

ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது. ஏணிப்பலகை போட்டு, கழுக்கோலின் மேல் எடை விழும்படி நடக்க வேண்டும். பட்டியலை நம்பி நிற்காதீர்கள். கரையான் உள்ளே தின்றிருந்தாலும் வெளியே வண்ணம் பளபளக்கும்.

மரவேலையை எப்படிப் பிரித்தால் மறுபடி பயன்படும்?

பழைய ஆயினி, பலா, தேக்குக் கூரைகளில் ஆசாரிகள் இரும்பாணியைக் குறைத்து மர ஆணியையே நம்பியிருப்பார்கள். கடப்பாரை போட்டு நெம்பினால் கழுந்து முறியும். மர ஆணியைத் தடித்த முனையிலிருந்து அல்லாமல் மெல்லிய முனையிலிருந்து தட்டி வெளியேற்ற வேண்டும். பிரிக்கும் முன் ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதுங்கள்: ‘தெற்கு 1, தெற்கு 2’ என்று. வண்ணக்கட்டி மழையில் அழியும், உளியால் கீறிய எண் நிற்கும். மச்சுப் பலகைகளுக்கும் அறைப்புரையின் (மரச்சுவர் வைத்த சேமிப்பறை) நிரைப் பலகைகளுக்கும் இது கட்டாயம். எண் இல்லாமல் பிரித்த நிரையைத் திரும்பப் பூட்டுவதற்குப் புதிதாகச் செய்வதே மேல் என்று ஆசாரி சொல்லிவிடுவார்.

நிலையை (சில ஊர்களில் கட்டளை) எடுக்க, முதலில் மேலுள்ள சுவரை முழுவதும் இறக்க வேண்டும். நிலை சுவரைத் தாங்கி நிற்கிறது என்பதை மறந்து, நல்ல மரமாயிற்றே என்று அதை முதலில் உருவியவர்கள்மேல் சுவர் விழுந்திருக்கிறது. பனங்கையில் (பனைமரக் கூரைக்கழி) சுவருக்குள் புதைந்திருந்த ஓரடிதான் இற்றுப்போயிருக்கும். அதை அறுத்துவிட்டால் மீதி இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும்.

ஆணி பிடுங்காத மரத்தைக் குவிக்காதீர்கள். இந்த வேலையில் அதிகம் நேரும் காயம் காலில் ஆணி ஏறுவதுதான். வீடு இடித்த தேக்கையும் ஈட்டி மரத்தையும் வண்டியில் ஏற்றும்போது, குறிப்பாகக் கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டும்போது, அது பழைய வீட்டு மரம் என்பதற்கு உள்ளாட்சிக் கடிதமும் படமும் கையில் இருக்கட்டும்.

மண்சுவர், வெட்டுக்கல் (செம்புரைக்கல்) சுவரை அடியில் வெட்டிக் கயிறு கட்டி இழுத்தால் சீக்கிரம் முடியுமே?

முடியும். ஆளும் முடிந்துபோகலாம். அடியை அரித்த சுவர் எந்தப் பக்கம் விழும் என்பதைக் கயிறு தீர்மானிப்பதில்லை, உள்ளே உள்ள ஈரமும் பழைய விரிசலும் தீர்மானிக்கின்றன. அடியை வெட்டுபவர் குனிந்திருப்பார், ஓட நேரம் இருக்காது.

மேலிருந்து கீழ்நோக்கி, சுற்றிலும் சம உயரமாக இறக்குவதுதான் முறை. குறுக்குச்சுவரைக் கடைசிவரை விட்டுவையுங்கள், அதுதான் நெடுஞ்சுவரைப் பிடித்து நிறுத்துகிறது. பக்கத்தாங்கல் இல்லாத சுவர் அதன் கனத்தைப்போல் 22 மடங்குக்கு மேல் உயரமாக நிற்கக் கூடாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு அது சுமார் 16 அடி, நாலரை அங்குலத்துக்குச் சுமார் 8 அடி. இது நல்ல சாந்து வைத்துக் கட்டிய சுவருக்கு. மண்சாந்துச் சுவரை, கூரை போன பிறகு, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரவுகூட முட்டுக் கொடுக்காமல் விடாதீர்கள்.

சுண்ணாம்புச் சாந்திலும் மண்சாந்திலும் கட்டிய கல் சுத்தமாகக் கழன்று வரும். வெட்டுக்கல்லின் ஓரத்தை மழுவால் செதுக்கினால் சுற்றுச்சுவருக்கு அருமையாக உதவும். சிமெண்டுச் சாந்து என்றால் சாந்துக்கு முன் கல் உடையும், அங்கே மீட்பு ஆசை வேண்டாம்.

கான்கிரீட் வீட்டில் எது முதலில்?

சன்ஷேடு, பால்கனி போன்ற நீட்டங்கள். ஜன்னல் மேலுள்ள சன்ஷேடு விழாமல் நிற்பது லிண்டலின் (ஜன்னலுக்கு மேல் குறுக்கே ஓடும் பீம்) மேல் அழுத்தும் சுவரின் எடையால்தான். அந்தச் சுவரை எடுத்தவுடன் சன்ஷேடு லிண்டலோடு சேர்ந்து வெளிப்பக்கம் கவிழும். இரண்டடி நீட்டம் என்றாலும் ஒரு மீட்டர் நீளத்துக்கு நூறு கிலோவுக்குக் குறையாது. ஆகவே மேல்சுவர் இருக்கும்போதே, சாரத்தில் நின்று சன்ஷேடை நுனியிலிருந்து சுவர் நோக்கி உடைத்துக் கம்பியை அறுத்துவிட வேண்டும். பால்கனிக்கு முதலில் அடியில் முட்டு. அதன் முக்கியக் கம்பி மேல்முகத்தில் இருக்கிறது. மேலே பிரேக்கர் (இயந்திர உளி) வைத்துக் கம்பியை அறுத்த நொடியில் அது தாங்கும் திறனை இழக்கும்.

அடுத்தது மொட்டைமாடியின் கைப்பிடிச்சுவர், தட்டோடு, சுருக்கி (செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு). பிறகு ஸ்லாப். நான்கு பக்கமும் சுவர் தாங்கும் சதுர அறையில் நடுவில் ஓட்டை போட்டு வட்டமாக விரித்துக்கொண்டு வர வேண்டும். ஒடுக்கமான வராந்தா ஸ்லாப் என்றால் குறுக்கே ஓடும் முக்கியக் கம்பியின் திசையிலேயே இரண்டடிப் பட்டைகளாக. கம்பியை உடனே அறுக்காதீர்கள். கான்கிரீட் உதிரும் வரை அது வலையாக நின்று துண்டுகளைப் பிடிக்கும். உடைப்பவர் நிற்பது உடைக்காத பக்கத்தில், பலகையின் மேல். இடுப்பில் பெல்ட், பெல்ட்டின் கயிறு உடைக்காத தூணில்.

மாடி வீட்டில் ஆபத்து கீழ்த்தளத்தில் இருக்கிறது. மேல் ஸ்லாபின் உடைசல் கீழ் ஸ்லாபில் குவியும். வீட்டுத் தளம் வழக்கமாக ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ கூடுதல் பாரத்துக்காகக் கணக்கிடப்பட்டது. அரையடி உயரம் உடைசல் குவிந்தாலே அந்த அளவு வந்துவிடும். முழங்கால் உயரம் குவிந்தால் மூன்று மடங்கு. அன்றன்று கீழே இறக்குங்கள், கீழ்த்தளத்துக்கு நாலடிக்கு ஒரு ஜாக்கி (உயரத்தைச் சரிசெய்யும் இரும்பு முட்டு) நிறுத்துங்கள். உடைசலைத் தள்ள ஸ்லாபில் ஓட்டை போட்டால், அதைச் சுற்றித் தடுப்பு வையுங்கள்.

தூணை இறக்க, விழ வேண்டிய பக்கத்துக் கம்பியை விட்டுவிட்டு மற்றக் கம்பிகளை அடியில் அறுத்து, முன்பே தலையில் கட்டிய வடத்தால் இழுக்க வேண்டும். வடத்தைக் கட்டிய பிறகே அறுப்பு.

தண்ணீர் அடித்துக்கொண்டே உடையுங்கள். கான்கிரீட் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது, முகத்தில் தோர்த்து (துண்டு) கட்டுவது அதைத் தடுக்காது. மண்சுவர் வீட்டில் மட்டும் தெளிப்பதோடு நிறுத்துங்கள், ஊற்ற வேண்டாம்.

எல்லாவற்றையும் ஜேசிபியே பார்த்துக்கொள்ளாதா?

ஒரு தளம், சுற்றிலும் இடம், எட்டடிக்குக் குறையாத வழி: இவை இருந்தால் பார்த்துக்கொள்ளும். மாடிக்கு அதன் கை எட்டாது. எட்டவில்லை என்பதற்காக அடிச்சுவரை முட்டி மேல்தளத்தை விழவைப்பதும், உடைசலைக் குவித்து அதன்மேல் ஏறுவதும் ஓட்டுநரின் உயிரோடு விளையாடுவது. மாடிக்கு நீளக் கை உள்ள ஹிட்டாச்சியும் அதன் நுனியில் பிரேக்கரும் வேண்டும், அல்லது மேல்தளத்தை ஆள் வைத்து இறக்கிவிட்டுக் கீழ்த்தளத்தை இயந்திரத்துக்கு விட வேண்டும். இரண்டாவது வழிதான் நம் தெருக்களுக்குப் பொருந்தும். இயந்திரம் ஓடும்போது கம்பி பொறுக்க ஆட்கள் நடுவில் போவதை எப்பாடு பட்டாவது தடுங்கள்.

பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். என்ன செய்வது?

வடசேரி, கோட்டாறு, சுசீந்திரம் பழந்தெருக்களில் இது சாதாரணம். பொதுச்சுவரை இடிக்கக் கூடாது. அதில் செருகியிருக்கும் உங்கள் உத்தரத்தைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி அறுத்து, மிச்சத் துண்டைத் தனியாக மெல்ல உருவி, அந்தக் குழியை அன்றே செங்கலும் சாந்தும் வைத்து அடையுங்கள். உங்கள் குறுக்குச்சுவர் பொதுச்சுவரோடு சேரும் இடத்தில் வைர வட்டு வைத்து மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு போட்ட பிறகே உடைக்க ஆரம்பியுங்கள். பிளவு இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியும் பக்கத்து வீட்டு அலமாரியில் கேட்கும். இதுவரை உள்சுவராக இருந்தது இனி மழையில் நனையும், எனவே பூசித் தர வேண்டியது உங்கள் பொறுப்பு. உங்கள் வீடு போனபின் அந்தச் சுவர் தனியாக நிற்குமா என்பதைப் பொறியாளர் முன்கூட்டியே பார்த்து, தேவையானால் சாய்முட்டு கொடுக்க வேண்டும்.

சாலை விரிவாக்கத்தில் வீட்டின் முன்பாதி போகிறது. மீதியைக் காப்பாற்ற முடியுமா?

பல வீடுகளில் முடியும், கோட்டிலேயே வெட்டாமல் இருந்தால். பெயிண்டால் கோடு போட்ட இடம் உங்கள் வீட்டின் தூணையும் பீமையும் பார்த்துப் போட்டதில்லை. கோட்டுக்கு உள்ளே முதலில் வரும் தூண்வரிசை அல்லது தாங்குசுவர் எதுவோ அங்கேதான் வெட்ட வேண்டும். இரண்டடி இடம் கூடுதலாகப் போனாலும் வீடு நிற்கும்.

சுவர் தாங்கும் வீட்டில்: வெட்டும் இடத்துக்கு உள்பக்கம் புது முன்சுவரை அடித்தளத்தோடு கட்டி, ஸ்லாபின் அடிவரை இறுக்கி அடைத்து, சாந்து இறுகிய பிறகு வெட்டுங்கள். முன்சுவர் போன பக்கச்சுவர்களுக்குப் பிடிப்பு இல்லாமல் போகும் என்பதால் புதுச்சுவரை அவற்றோடு பல்வைத்து இணைக்க வேண்டும். தூண்வைத்த வீட்டில்: தொடர்ச்சியான பீமில் ஒரு கண்ணியை (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) வெட்டினால் அடுத்த கண்ணியின் நடுவில் வளைவு கூடும். பழைய கம்பி அதற்குப் போதுமா என்று கணக்குப் பார்க்காமல் ஜாக்கியை எடுக்கக் கூடாது. வெட்டை வைர வாளால் போடுங்கள். பிரேக்கரின் அதிர்வு மீதிப் பாதி முழுவதும் பரவும். வெட்டுமுகத்தில் தெரியும் கம்பி முனைகளைச் சாந்து பூசி மூடுங்கள், நம் காற்றில் துரு ஒரு பருவத்துக்குள் வந்துவிடும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை?

உடைக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, மேலே நடக்கவே கூடாது. முதலில் நனையுங்கள். கொக்கிப் போல்ட்டின் நட்டைக் கழற்றி, துரு பிடித்திருந்தால் போல்ட்டை மட்டும் அறுத்து, ஷீட்டை முழுதாக இறக்குங்கள். எப்.எப்.பி.3 தர முகக்கவசம் வேண்டும், துணி பயன்படாது. உடைந்த துண்டுகளைத் தடித்த பிளாஸ்டிக்கில் இரட்டையாகச் சுற்றித் தனியே வையுங்கள், கல்லோடு கலந்து பள்ளத்தில் போடாதீர்கள். பழைய ஷீட்டை ஆட்டுக்கொட்டகைக்குக் கொடுப்பது தருமம் போலத் தெரியும், ஆனால் உடைந்து உதிரும் நாரையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

கடலோர வீட்டின் பழைய கம்பியை நிமிர்த்திப் பயன்படுத்தலாமா?

கூடாது. உப்பு தின்ற கம்பியின் தடிமன் இடத்துக்கு இடம் குறைந்திருக்கும், வளைத்து நிமிர்த்திய இடத்தில் முறியும் தன்மையும் கூடியிருக்கும். எடைக்குப் போடுங்கள். அத்தகைய வீட்டை இறக்குவதிலும் கூடுதல் கவனம் வேண்டும். ஸ்லாபின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி தெரிந்தால் அந்த ஸ்லாபின் மேல் ஆளை நிறுத்தி உடைக்காதீர்கள். அடியில் முழுக்க முட்டு, அல்லது வெளியிலிருந்து இயந்திரம்.

எவ்வளவு உடைசல் வரும்? எங்கே கொட்டுவது?

1,000 சதுர அடி ஒற்றைத்தளக் கான்கிரீட் வீட்டைக் கணக்குப் பார்ப்போம். ஐந்தங்குல ஸ்லாப் மட்டும் 29 டன், அதில் கம்பி ஏறக்குறைய ஒரு டன். ஒன்பதங்குலச் சுவர்கள் எழுபது டன்னுக்கு மேல். அடித்தளத்தைச் சேர்க்காமலே நூறு டன். உடைந்த பின் பருமன் ஒன்றரை மடங்குக்கு அருகில் ஊதும் என்பதால் 25 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வரை, அதாவது பத்து டிப்பர் லோடு.

மத்திய அரசின் 2016 விதிகள், ஒரே நாளில் 20 டன்னுக்கு மேல் உருவாக்குபவர் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-சாந்து என்று நான்காகப் பிரித்து, உள்ளாட்சியிடம் கழிவுத் திட்டம் கொடுக்கச் சொன்னன. இயந்திரம் வைத்தால் ஒரு சாதாரண வீடே அந்தக் கோட்டைத் தாண்டும். அவற்றின் இடத்தில் வரும் 2025 விதிகள் 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு உரியவை. எந்த விதியாக இருந்தாலும் பிரித்து வைப்பதுதான் லாபம்: கலந்த குப்பையை அகற்றப் பணம் கொடுக்க வேண்டும், பிரித்த செங்கல் சல்லியைத் தரைக்கு அடியில் போட ஆள் கேட்டு வருவார்கள்.

குளத்தில் கொட்டாதீர்கள். வயலை நிரப்பவும் கொடுக்காதீர்கள், அனந்தன் விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய்க் கரையிலும் தள்ளாதீர்கள். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ளது. அங்கே ஒரு லோடு கொட்டினாலும் சிக்கல் டிப்பர்காரரோடு நிற்காது. ஒப்பந்தத்தில் கொட்டும் இடத்தின் பெயரை எழுதுங்கள். ‘அது எங்க பொறுப்பு’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

வெடி வைத்து இடிக்க முடியாதா? மரடில் செய்தார்களே?

கொச்சி அருகே மரடில் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அடுக்குமாடிகளை இறக்கியதும், சென்னை மவுலிவாக்கத்தில் 2014-ல் ஒன்று சரிந்து 61 பேர் இறந்த பின் மிஞ்சிய 11 மாடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று இறக்கியதும் வெடிவைத்துத்தான். அங்கே வெடி செய்வது கீழ்த்தளங்களின் குறிப்பிட்ட தூண்களை நொடிப்பிளவு இடைவெளிகளில் ஒடிப்பது மட்டுமே. மீதி வேலையைக் கட்டடத்தின் சொந்த எடை செய்கிறது. இரண்டு தள வீட்டில் அந்த எடை இல்லை, சுற்றிலும் காலி செய்ய இடமும் இல்லை. உரிமம் இல்லாத பாறைவெடி ஆளைக் கூப்பிடுவது குற்றம்.

பாறையோடு ஒட்டிய அடித்தளத்துக்கும் தடித்த கான்கிரீட்டுக்கும் விரியும் ரசாயனப் பொடி உண்டு. ஓரடி இடைவெளியில் ஒன்றரை அங்குலத் துளை போட்டு, குளிர்ந்த நீரில் குழைத்து ஊற்றினால் ஒரு நாளுக்குள் பிளக்கும். ஊற்றிய துளைக்கு மேல் முகத்தை நீட்டக் கூடாது, வெயிலில் சூடேறினால் பீய்ச்சி அடித்துக் கண்ணைக் கெடுக்கும்.

‘பொருள் எல்லாம் எனக்கு, இடிப்பு இலவசம்’ என்கிறார் ஒப்பந்ததாரர். ஒத்துக்கொள்ளலாமா?

மரம் அதிகமுள்ள ஓட்டு வீட்டில் பெரும்பாலும் நட்டம் உங்களுக்கு. கழுக்கோல், நிலை, கதவு, பலகை, ஓடு எல்லாவற்றையும் ஒரு ஆசாரியைக் கூட்டி எண்ணி மதிப்புப் போட்ட பிறகு பேசுங்கள். கான்கிரீட் வீட்டில் கம்பியும் ஜன்னலும்தான் மதிப்பு, அங்கே அது நியாயமான பேச்சாக இருக்கலாம். எப்படியானாலும் எழுத வேண்டியவை: அடித்தளம் சேர்த்தியா இல்லையா, எத்தனை அடி ஆழம், உடைசல் அகற்றுவது யார், பக்கத்து வீட்டுச் சேதம் யார் கணக்கு, தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டின் நகல். காப்பீடு இல்லாத ஆளுக்கு விபத்து நேர்ந்தால் வீட்டுக்காரர் வாசலுக்குத்தான் வருவார்கள். மொத்தப் பணத்தில் கால்பங்கை இடம் சுத்தமான பிறகே கொடுங்கள்.

அனுமதி இல்லாத கட்டடம் என்று அதிகாரிகளே இடிக்க வந்தால்?

உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று கொடுத்த தீர்ப்பின்படி, பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, கட்டடத்திலும் ஒட்டி, குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். இடிப்பைக் காணொளியாகப் பதிவு செய்யவும் வேண்டும். சாலை, நடைபாதை, ரயில்பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகியவற்றில் உள்ள ஆக்கிரமிப்புக்கும் நீதிமன்றமே உத்தரவிட்ட இடிப்புக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அவகாசத்தில் செய்ய வேண்டியது இரண்டு: மேல்முறையீடு, அல்லது ஓட்டையும் மரத்தையும் நீங்களே பிரித்தெடுப்பது.

அடித்தளத்தையும் தோண்டி எடுக்க வேண்டுமா?

புது வீட்டின் அடித்தளம் அதே கோட்டில் வரும் இடங்களில் எடுக்க வேண்டும். மற்ற இடங்களில் தரைமட்டத்திலிருந்து இரண்டடி வரை எடுத்தால் போதும். எல்லைச் சுவரை ஒட்டிய பாறைக்கல்லை ஒரே நீளமாகத் தோண்டாதீர்கள். பக்கத்து வீட்டு அடித்தளத்தின் மண் உங்கள் குழிக்குள் வழியும். நாலடி தோண்டி, நிரப்பி, நாலடி விட்டு அடுத்ததைத் தோண்டுங்கள். குழியை நிரப்பும்போது அரையடிக்கு ஒரு அடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்க வேண்டும். நிரப்பிய மண்ணின் மேல் புதுத் தூண் வரக் கூடாது. வந்தே தீரும் என்றால் அந்தத் தூணின் குழி நிரப்பலைத் தாண்டி இயற்கை மண் வரை இறங்க வேண்டும்.

வேலை முடிந்தபின் என்ன காகிதம் வேண்டும்?

இடித்த தேதியைச் சொல்லி, காலி மனையின் படத்தோடு உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இல்லாவிட்டால் இல்லாத வீட்டுக்குச் சொத்துவரி ஓடிக்கொண்டிருக்கும், புதுவீட்டு அனுமதி கேட்கப் போகும்போது அந்த நிலுவையைக் கட்டச் சொல்வார்கள்.